விசுவாசப் பயணி திரு. சும்மா

ககனவிஹார் ஏர்வேஸின் விமானங்கள் உலகம் முழுக்கப் பறந்தாலும், அந்தப் பெரிய கம்பெனியின் மூளை இருந்தது அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு நட்டு போல்ட்டு கம்பெனிக்கும் பிஸ்கட் குடோனுக்கும் நடுவில். மூளையின் பெயர் ஜடாயு. டிக்கெட் போடுவது, சீட்டு ஒதுக்குவது, பெட்டிகளைக் கணக்குப் பார்ப்பது எல்லாம் அந்தப் பழைய கம்ப்யூட்டர்தான். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மவுஸ் கிடையாது. சிறகு வெட்டுப்பட்டு விழுந்த பறவையின் பெயரை ஒரு விமானக் கம்பெனிக்குச் சிபாரிசு செய்த புண்ணியவான் யாரோ தெரியாது. ஆனால் ஜடாயு ஒருநாளும் விழுந்ததில்லை. அதன் மேல் இருந்த பெரிய புகாரே அதுதான். விழாத ஒன்றைத் தூக்கி நிறுத்தி எந்த அதிகாரியும் பதவி உயர்வு வாங்க முடியாதல்லவா?

அதனால் ஜடாயுவை ஓரங்கட்டிவிட்டு நவகருட் என்று புதியதொரு சிஸ்டம் கொண்டுவர முடிவு செய்தார்கள். இதற்கென்றே வடக்கே தலைமை அலுவலகத்தில் மல்ஹோத்ரா என்பவரைத் தலைமை மாற்ற அதிகாரியாக நியமித்தார்கள். அவரும் கொடுத்த வேலையைக் குறைவில்லாமல் செய்தார். முதலில் கம்பெனியின் லோகோவை மாற்றினார். பிறகு ஆலோசகர்களை மாற்றினார். அப்புறம் வேலை முடியும் தேதியை மாற்ற ஆரம்பித்தவர், அதில் ருசி கண்டுபோய் மாற்றிக்கொண்டே இருந்தார்.

அம்பத்தூர் ஆபீஸில் தினமும் காலையில் 'நிற்கும் கூட்டம்' நடக்கும். நின்றுகொண்டே பேசினால் சீக்கிரம் முடியும் என்பது ஏற்பாடு. முடியவில்லை, கால் வலித்தது, நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பெயர் மட்டும் இன்னும் நிற்கும் கூட்டம்தான். கண்ணாடிச் சுவர் முழுக்க வண்ணச் சீட்டுகள் ஒட்டியிருக்கும். முடிந்த வேலைக்குப் பச்சை, முடியாததற்குச் சிவப்பு. சிவப்பைப் பார்த்தால் ஊழியர்களின் உற்சாகம் குறைகிறது என்று மல்ஹோத்ரா வருத்தப்பட்டதால், அதற்குப் பதிலாக 'பழுத்த பச்சை' என்றொரு நிறத்தை அறிமுகப்படுத்தினார்கள். பார்வைக்கு அது சிவப்பாகத்தான் இருந்தது.

இதையெல்லாம்விட முக்கியமான விதி ஒன்று இருந்தது. யார் குறையைச் சொல்கிறாரோ அவரே அந்தக் குறைக்கு ஓனர். கூரை ஒழுகுகிறது என்று சொன்னால் கூரை உங்களுடையது. இந்த விதி வந்த பிறகு குறைகள் மளமளவென்று குறைந்துவிட்டன. அதையும் ஒரு வரைபடமாகப் போட்டு மல்ஹோத்ரா விருது வாங்கிவிட்டார்.

ஜெபாவுக்கு இந்த விதி தெரியாது என்று சொல்ல முடியாது. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், வெள்ளானூரில் ஃபிளாட், ஆபீஸில் டெஸ்டிங் வேலை. புது சிஸ்டம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் ஓடவில்லை என்று சொல்லிவிடக் கூடாது. அந்த நுணுக்கம் அவளுக்குக் கைவந்த கலை. இருந்தும் மாட்டிக்கொண்டாள்.

அதற்கு முன்னால் அவள் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிட வேண்டும். அவள் புருஷன் செல்வகுமாருக்குத் தோஹாவில் லிஃப்ட் மெக்கானிக் வேலை. ஜெபா மாசமாக இருக்கும்போது போனவன். பிள்ளை பிறந்து, குப்புற விழுந்து, இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அப்பன் இன்னும் அவனைத் தூக்கியதில்லை. பிள்ளையைப் பொறுத்தவரை அப்பா என்பது கைக்கு அடக்கமான, அடிக்கடி சார்ஜ் போட வேண்டிய ஒரு பொருள். ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூர் சர்ச்சில் ஞானஸ்நானம் வைத்திருந்தார்கள். செல்வகுமாருக்கு எப்படியோ லீவு கிடைத்து, வெள்ளிக்கிழமை காலை சென்னை வந்து இறங்கும் ககனவிஹார் விமானத்தில் டிக்கெட்டும் போட்டாயிற்று. ஊழியரின் குடும்பத்துக்கான சலுகை டிக்கெட். ஜடாயுவே போட்டுக் கொடுத்தது.

ஜடாயு ஓய்வு பெற்று நவகருட் பதவியேற்கும் நாளும் அதே வெள்ளிக்கிழமை.

அந்த வாரத் தொடக்கத்தில் பெரிய கூட்டம். மல்ஹோத்ரா சுவரளவு திரையில் தோன்றினார். ஜடாயுவிடம் இருந்த பழைய விவரங்களையெல்லாம் நவகருட் விழுங்கி, ஜீரணித்து, கம்பெனியின் தலைசிறந்த வாடிக்கையாளர் யார் என்று கண்டுபிடித்திருப்பதாக அறிவித்தார். தினமும் ஒவ்வொரு விமானத்திலும் டிக்கெட் போடுகிறவராம். ஒரே காலையில் டில்லிக்கும் தோஹாவுக்கும் சிங்கப்பூருக்கும் போயிருக்கிறாராம். ஆலோசகர்கள் இதை ஆராய்ந்து, மிகவும் பிஸியான மனிதர் என்று அறிக்கை கொடுத்திருந்தார்கள். பெயர் திரையில் பளிச்சென்று வந்தது. மிஸ்டர் சும்மா, சென்னை.

அம்பத்தூர் பக்கத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. விஷயம் எல்லோருக்கும் தெரியும். ஆதிகாலத்தில் யாரோ ஒரு பெரிய அதிகாரிக்கு 'டெஸ்ட்' என்ற பெயரில் போர்டிங் பாஸ் வந்து ரகளையாகிவிட்டதால், சோதனைக்கு அந்த வார்த்தையைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு வந்தது. பையன்கள் யோசித்தார்கள். பெயர் என்ற கட்டத்தில் ஏதாவது போட்டே ஆக வேண்டும். சும்மா ஏதாவது போடு என்றார் ஒருவர். சும்மா என்றே போட்டார் இன்னொருவர். அதிலிருந்து, ஜடாயு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத் தினமும் காலையில் எல்லா விமானத்திலும் சும்மா பெயரில் ஒரு டிக்கெட் தானாகப் போடப்படும். கொஞ்ச நேரத்தில் தானாக ரத்தாகும். நவகருட் போட்டதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டது. ரத்தானது அதன் கண்ணில் படவில்லை.

ஜெபாவுக்கு என்ன கிறுக்குப் பிடித்ததோ, கையைத் தூக்கிவிட்டாள்.

"சார், அது ஆள் இல்லை. சும்மா."

"ஆமாம், ஸும்மாதான்," என்றார் தமிழ் தெரியாத மல்ஹோத்ரா.

"இல்லை சார், சும்மா போட்டது."

"போட்டவர் ஸும்மா. அதைத்தானே நானும் சொல்கிறேன்."

ஜெபா மறுபடி வாயைத் திறப்பதற்குள் மேஜைக்கு அடியில் மேனேஜர் கிருஷ்ணப்பிரியாவின் கால் அவள் காலை மிதித்தது. திரையில் மல்ஹோத்ராவின் முகம் மலர்ந்துவிட்டது. ஸும்மாவைப் பற்றி இவ்வளவு ஆர்வமாகப் பேசும் ஒருவர் நம்மிடையே இருப்பது பெருமை என்றார். அந்த இடத்திலேயே ஜெபா ஸும்மாவின் ஓனர் ஆனாள். எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்து சீட்டு பாபு மட்டும் பேனாவைத் தேடுகிறவன் போல மேஜைக்கு அடியில் குனிந்தான்; தோள்கள் குலுங்கின.

கிருஷ்ணப்பிரியா கும்பகோணத்துக்காரர். சும்மாவுக்கு அர்த்தம் தெரியாதவர் அல்ல. கூட்டம் முடிந்ததும் ஜெபாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, அன்பாகவே விளக்கினார்.

"டேட்டால ஒரு டெஸ்ட் பேர்கூட இல்லை, நூறு சதவீதம் க்ளீன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன் ஜெபா. சும்மாங்கிறவர் இல்லைன்னா என் கையெழுத்து பொய்யாயிடும். என் கையெழுத்து பொய் இல்லை. அப்ப சும்மா இருக்கார். லாஜிக் புரியறதா?"

ஜெபாவுக்குப் புரிந்தது. அதுதான் கஷ்டமே.

சும்மாவின் விவரங்களைத் திறந்து பார்த்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. இத்தனை வருஷம் எத்தனையோ பேர் எதையெதையோ சோதித்திருக்கிறார்கள். சும்மா ஆண், பெண், கைக்குழந்தை, மூன்றும். வயது நூறைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. வீல்சேர் வேண்டும். பூண்டு சேர்க்காத சாப்பாடும் வேண்டும், சிக்கனும் வேண்டும். கூடவே ஒரு நாய் வரும். இதைப் பார்த்த தலைமை அலுவலகத்துப் பன்முகத்தன்மைப் பிரிவு நெகிழ்ந்துபோனது. இது ஒரு மனிதர் அல்ல, ஒரு தொன்மையான தென்னாட்டுச் சமூகம் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். ஸும்மா சமூகத்தின் பண்டிகை எப்போது என்று கேட்டு ஜெபாவுக்கு மெயில் வந்தது. வாழ்த்துச் சொல்ல வேண்டுமாம்.

அடுத்ததாகப் பரிசுக் கூடை. சும்மாவின் முகவரி என்ற இடத்தில் எவனோ ஒருத்தன் மண்ணூர்பேட்டையில் முகமது இஸ்மாயில் பாயின் டீக்கடையைப் போட்டு வைத்திருந்தான். கூரியர்க்காரர் பாதாம், முந்திரி, சாக்லேட் அடுக்கிய பெரிய கூடையோடு அங்கே போய் நின்று, இங்கே சும்மா யாருங்க என்று கேட்டிருக்கிறார். வேலை நாள், நடுப்பகல். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே வடைக்குக் காத்திருந்த பாபு மறுநாள் ஜெபாவிடம் அதை விவரித்தான்.

"நாங்க எல்லாருமே சும்மாதான்பா குந்திகினு கீறோம்னு ஒருத்தர் சொன்னாரு பாரு ஜெபாக்கா, அந்தாளு அத்தினி பேருகிட்டயும் கையெழுத்து வாங்கிக்கினு கூடையக் குடுத்துட்டுப் பூட்டாரு. முந்திரி நல்லா இருந்துச்சு."

கையெழுத்துகள் தலைமை அலுவலகம் போய்ச் சேர்ந்தன. சும்மா குடும்பம் பெரியது, ஒற்றுமையானது, பெரும்பாலும் பகலில் டீக்கடையில் கூடும் என்று நவகருட் குறித்துக்கொண்டது.

இதுவரைக்கும் ஜெபாவுக்கு எரிச்சல் மட்டும்தான். புதன்கிழமை மத்தியானம் செல்வகுமார் கூப்பிட்டான். குரலே சரியில்லை. கம்பெனியிலிருந்து செய்தி வந்திருக்கிறதாம். 'வாழ்த்துகள்! உங்களைவிட விசுவாசமான ஒரு பயணிக்காக உங்கள் இருக்கை பெற்றுக்கொள்ளப்பட்டது. அடுத்த வாரம் முயற்சி செய்யவும்.' அடுத்த வாரம் அவனுக்கு லீவு கிடையாது.

"சர்ச்சுல சொல்லித் தள்ளி வைக்க முடியுமா ஜெபா?"

"தள்ளி வச்சா எப்ப வருவீங்க?"

அவனுடைய சூபர்வைசர் எப்பேர்ப்பட்டவர் என்று அவளுக்குத் தெரியும். இப்போது விட்டால் அடுத்த கிறிஸ்துமஸ். பிள்ளை அதற்குள் நடந்து, ஓடி, அப்பன் யார் என்று கேட்கிற வயசுக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமை விமானத்துக்கு நவகருட் முன்கூட்டியே போட்டிருந்த பட்டியலைத் திறந்து பார்த்தாள். முதல் வரிசை ஜன்னலோர சீட்டில் மிஸ்டர் சும்மா கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். அவருடைய வீல்சேருக்கும் நாய்க்கும் இடம் விடுவதற்காகப் பக்கத்து சீட்டும் காலி. அப்படித் தாராளம் காட்டியதில் கடைசி வரிசையில் ஒரு சலுகை டிக்கெட் கழன்றுவிட்டது. ஜெபாவுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. பிறக்காத ஒருத்தனுக்கு ஜன்னலோர சீட்டு, பெற்ற பிள்ளையைப் பார்க்க வருகிறவனுக்கு வாழ்த்துகள்.

கிருஷ்ணப்பிரியாவிடம் ஓடினாள். அந்த ஒரு விமானத்திலிருந்து மட்டும் சும்மாவை இறக்கிவிடுங்கள் என்று கெஞ்சினாள். அதுதான் முடியவே முடியாது என்றார் அவர். நவகருட்டின் முதல் விமானமாக அதைத்தான் மல்ஹோத்ரா தேர்ந்தெடுத்திருக்கிறார். சும்மா சென்னையில் இறங்கியதும் மாலை, பத்திரிகைக்காரர்கள், பேச்சு எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. தவிரவும் அவர் இப்போது பிளாட்டினம் உறுப்பினர், வாடிக்கையாளர்களில் உச்ச தரம். பிளாட்டினம் உறுப்பினரின் டிக்கெட்டை ரத்து செய்ய அவரே வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து தன் குரலில் சொல்ல வேண்டும்.

"மத்த பயணிகளையும் நினைச்சுப் பாரேன்," என்றார். "வெள்ளிக்கிழமை எல்லா ஃபிளைட்லயும் சும்மாவுக்காக ஒருத்தரை இறக்கியிருக்கோம். யாராவது ஒண்ணு ரெண்டு பேர்தான் கத்தினா. மீதிப் பேர் விசுவாசம்னா என்னன்னு கத்துண்டா."

சும்மாவின் குரலுக்கு ஜெபா எங்கே போவாள்? பாபு தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்வந்தான். ஸ்பீக்கரில் போட்டுப் போன் செய்தார்கள். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது, அழுத்தினார்கள். ஒரு பெண் எடுத்தாள். பெயர் கேட்டாள். சும்மா என்றான் பாபு. எதற்காகக் கூப்பிட்டீர்கள் என்றாள். டிக்கெட்டை கேன்சல் செய்ய என்றான். யார் பெயரில் டிக்கெட் என்றாள். சும்மா பெயரில் என்றான்.

"சார், சும்மா கூப்பிடற போனை எல்லாம் கட் பண்ணச் சொல்லி எங்களுக்கு ரூல் இருக்கு சார்," என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள். அந்தக் கம்பெனியில் புத்தியோடு இருந்தவள் அவள் ஒருத்திதான் என்று ஜெபாவுக்குத் தோன்றியது. ஆனால் அந்தப் புத்தி அன்றைக்கென்று பார்த்து ஜெபாவுக்கு எதிராகப் போய்விட்டது.

வியாழக்கிழமை காலை. விமானத்துக்கான கடைசி விவரங்களை ஓனர் நிரப்ப வேண்டும். என்ன சாப்பாடு என்று கேட்டது, எல்லாச் சாப்பாடும் என்று போட்டாள். போர்வை வேண்டுமா என்றது, வேண்டும் என்றாள். ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பும்போது அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன. அப்புறம் நவகருட் சட்டென்று நின்றது. திரையில் பழுத்த பச்சையில் ஒரு வரி. இந்தப் பயணி மிக முதியவர், வீல்சேரில் வருபவர், தவிர கைக்குழந்தையும்கூட. தனியாகப் பயணம் செய்ய அனுமதி இல்லை. பக்கத்து இருக்கையில் துணைக்கு வருபவரின் பெயர் கட்டாயம்.

ஜெபா அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டினால் வேலை போகும். ஃபிளாட், பிள்ளை, எல்லாம் அந்த வேலையில்தான் நிற்கிறது. ஆனால் செல்வகுமாருக்கு உண்மையான டிக்கெட் இருந்தது, உண்மையான பாஸ்போர்ட் இருந்தது. இந்த விவகாரத்தில் உண்மையாக இருந்ததே அவன் ஒருவன்தான்.

"இன்னா ரோசனை? நாமளா கேட்டோம்? கம்பெனிதான் துணைக்கு ஆள் கேக்குது," என்றான் பாபு. "பேரப் போடுக்கா. சும்மா போடு."

போட்டாள். கிருஷ்ணப்பிரியா வழக்கம்போலப் படித்துப் பார்க்காமலே ஒப்புதல் கொடுத்து, இதுதான் ஓனர்ஷிப் என்று பாராட்டி நாலு பேருக்கு நகல் போட்டு மெயிலும் அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலை மீனம்பாக்கத்தில் வருகை வாசலுக்கு வெளியே ககனவிஹாரின் கூட்டம் திரண்டிருந்தது. பேனர், பூச்செண்டு, கேமராக்கள். ஜெபா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கிருஷ்ணப்பிரியா முகம் சுளித்தார். வடக்கிலிருந்து நேரிலேயே வந்திருந்த மல்ஹோத்ரா, போட்டோவில் குழந்தை இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டார். சும்மா உட்காருவதற்காக ஒரு வீல்சேர் தயாராக இருந்தது. ஆளுயர ரோஜா மாலையைப் பிடித்துக்கொண்டிருந்தவருக்குக் கை வலித்ததால், அதை அந்தக் காலி வீல்சேரின் மேலேயே சாத்திவிட்டார். அதன்பின் அந்தப் பக்கம் போனவர்களின் நடையே மாறியது. ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பெட்டி தள்ளிக்கொண்டு வந்த ஓர் அம்மாள் பாபுவை நெருங்கி, பெரியவர் எப்போது தவறினார் என்று தாழ்ந்த குரலில் விசாரித்தாள்.

"அவரு பொறக்கவே இல்லம்மா," என்றான் பாபு.

விமானம் இறங்கிய செய்தி வந்தது. பிளாட்டினம் உறுப்பினரைக் காக்க வைக்கக் கூடாது என்பதால், சும்மா தோஹாவில் ஏறியதாக நவகருட் தானாகவே குறித்துக்கொண்டிருந்தது. பணிப்பெண்களுக்கு, அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது, எதுவும் கேட்கக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. காலி சீட்டுக்குப் போர்வை போர்த்தி, மூன்று விதச் சாப்பாடு பரிமாறி, தொடாத தட்டுகளை மரியாதையாக எடுத்துப் போயிருக்கிறார்கள். மிக அமைதியான பயணி என்று அறிக்கை வந்தது. திருப்தி, பத்துக்குப் பத்து. மல்ஹோத்ரா மைக்கைப் பிடித்தார்.

"வாடிக்கையாளர் என்றால் ஸும்மாவைப் போல இருக்க வேண்டும். கால் இடிக்கிறது என்று சொன்னதில்லை. பெட்டி காணோம் என்று வந்து நின்றதில்லை. விமானம் தாமதமானபோது ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. எல்லாப் பயணிகளும் இவரைப் போல ஆகிவிடும் நாளில்தான் நமது நவீனமயம் முழுமை பெறும்."

பலத்த கைதட்டலுக்கு நடுவே கதவு திறந்து பயணிகள் வந்தார்கள். செல்வகுமார் வந்தான். கொஞ்சம் மெலிந்திருந்தான், தாடி விட்டிருந்தான். ஸும்மாவின் துணையாள் இவர்தான் என்று யாரோ சொல்ல, கேமராக்கள் அவனை வளைத்துக்கொண்டன. ஸும்மா எங்கே என்று மல்ஹோத்ரா கேட்டார். அவர் கூட்டத்தை விரும்புவதில்லை சார், வேறு வழியாகப் போய்விட்டார் என்று கிருஷ்ணப்பிரியா குறுக்கே புகுந்து சமாளித்தார். அந்த எளிமையை மல்ஹோத்ரா வியந்துகொண்டிருக்கும்போதே செல்வகுமார் பூச்செண்டையும் கேமராவையும் விலக்கிக்கொண்டு ஜெபாவை நோக்கி நடந்தான்.

பிள்ளை முதலில் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பிறகு ஒரு கண்ணால் பார்த்தான். தாடியை எட்டித் தொட்டான், பிடித்து இழுத்தான், விடவில்லை. செல்வகுமார் கை நீட்டியதும் சாய்ந்து வந்துவிட்டான். கனமாக இருந்தான் போலிருக்கிறது. இவ்வளவு கனத்தைச் செல்வகுமார் எதிர்பார்க்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுற்றிலும் ஆட்கள் நிற்பதையும் மறந்து, விம்மி விம்மி அழுதான்.

மைக்கோடு பின்னாலேயே வந்த மல்ஹோத்ரா திகைத்துப்போய், ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டார்.

செல்வகுமார் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சும்மா சார்," என்றான்.

மல்ஹோத்ரா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பார்த்தீர்களா, பெயரைச் சொல்லும்போதே கண்ணீர் வருகிறது, இதுதான் விசுவாசம் என்று கேமராக்களைப் பார்த்துச் சொன்னார். மொழிபெயர்க்க வாயெடுத்த கிருஷ்ணப்பிரியா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வாரம் முழுக்க அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லப் போராடிய ஜெபாவும் இப்போது அவரைத் திருத்தவில்லை. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள்.